மாலைச் சிலம்பமும் வேளை உணவும்

உழைப்பதற்கு ஒரு வேளை உண்டு. உண்பதற்கு ஒரு வேளை உண்டு. கலை பயில்வதற்கும் ஒரு வேளை உண்டு. இம்மூன்றும் ஒன்றையொன்று முட்டாமல் நடைபெறும் நாளே உடலுக்கு நல்ல நாள். ஆனால் பகலெல்லாம் பணியாற்றிவிட்டு மாலையில் கம்பெடுத்துச் சிலம்பம் பயில வருகின்ற இளைஞனுக்கு அத்தகைய நாள் எளிதில் வாய்ப்பதில்லை. வயிறு காய்ந்து வருகிறான்; அல்லது வழியில் கிடைத்ததை வயிறு முட்ட உண்டுவிட்டு வருகிறான். முதல் நிலையில் தலை சுற்றுகிறது. இரண்டாம் நிலையில் குமட்டுகிறது. சில வாரங்கள் இவ்வாறு கழிந்தபின், "இக்கலை நம் உடலுக்கு ஒத்துவராது" என்று சொல்லிக் கம்பைச் சுவரில் சாத்திவிடுகிறான். அவன் உடலின்மீது சுமத்திய பழி உண்மையில் அவனது உணவு வேளையைச் சேர்ந்தது என்பதே நம் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் உழைப்பும்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்லும் இருப்புப் பாதையின்மீது அமைந்துள்ள பேரூராட்சி மாரண்டஹள்ளி. அருகே பஞ்சப்பள்ளியில் சின்னாற்றின் குறுக்கே அணை உண்டு. கேழ்வரகும் தக்காளியும் தென்னையும் மல்பெரியும் விளையும் மண் இது. இவ்வூரைப் போன்ற ஊர்களின் உழைப்பாளர்களை மூவகையாகப் பிரிக்கலாம். விடியுமுன் எழுந்து காய்கறி பறித்துச் சந்தைக்கு அனுப்புவோர் ஒரு வகை. கடையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் மாலைவரை இருப்போர் மற்றொரு வகை. இராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைப் பணிக்குப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ சென்று மீள்வோர் மூன்றாம் வகை. இம்மூவர்க்கும் பொதுவானது ஒன்று உண்டு. நண்பகல் உணவு 12.30 அல்லது 1 மணிக்கு முடிந்துவிடும். பயிற்சியோ மாலை 6.30 மணிக்குத் தொடங்கும். இடையில் ஐந்தரை மணி நேரம்! அந்த இடைவெளியை ஒரு குவளைத் தேநீரைக் கொண்டே கடந்துவிடலாம் என்று நாம் கருதுவதில்தான் பிழை தொடங்குகிறது.

சிலம்பம் மெல்லிய உடற்பயிற்சி அன்று. காலடி வைப்பதும், சுவடு மாற்றுவதும், கம்பைத் தலைக்குமேல் சுழற்றுவதும், எதிர்நிற்பவன் வீச்சைத் தடுப்பதும் கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு ஆகிய அனைத்தையும் ஒருங்கே வேலை வாங்குவன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஓய்வின்றிக் கடுமையாகப் பயின்றால் ஏறத்தாழ 400 முதல் 600 கிலோ கலோரி வரை செலவாகக் கூடும். அச்செலவுக்குரிய வரவு எங்கிருந்து வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்பதைத் தெரிந்து கொள்வது இன்றியமையாதது.

இரைப்பையின் கணக்கு

இரைப்பைக்குள் நடப்பதை மனிதன் கண்ணால் கண்ட கதை சுவையானது. 1822ஆம் ஆண்டு, வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிசு செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞன் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இராணுவ மருத்துவரான வில்லியம் போமான்ட் அவனைப் பிழைக்கச் செய்தார்; எனினும் இரைப்பையில் விழுந்த துளை மூடவேயில்லை. அத்துளை வழியே உணவைச் செலுத்தியும் எடுத்தும், எது எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று போமான்ட் பல ஆண்டுகள் குறித்து வைத்து, 1833இல் நூலாக வெளியிட்டார். அவருடைய பட்டியலில் வேகவைத்த அரிசி ஒரு மணி நேரத்திலும், வறுத்த மாட்டிறைச்சி நான்கு மணி நேரத்திலும் செரித்ததாகக் காண்கிறோம். மென்மையான உடலசைவு செரிமானத்துக்கு உதவுகிறது. உடலைக் களைப்பிக்கும் கடும் உழைப்போ அதைத் தடுக்கிறது என்பதும் அவர் கண்ட முடிவுகளுள் ஒன்றாகும்.

இன்றைய கருவிகள் போமான்டின் நேரக் கணக்கைத் திருத்தியுள்ளனவே தவிர, அதன் அடிப்படையை மாற்றவில்லை. சோறு, குழம்பு, பொரியல் என்று கலந்து உண்ட முழு உணவு இரைப்பையை விட்டு நீங்க ஏறக்குறைய 2 முதல் 4 மணி நேரம் ஆகிறது. நீர்ம உணவு விரைந்து நீங்கும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு நெடுநேரம் தங்கும். நாம் உடலை வருத்தும்போது குருதி தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பி விடப்படுகிறது. குடலுக்குச் செல்லும் குருதி வெகுவாகக் குறைகிறது. நிறைந்த இரைப்பையோடு கம்பு சுழற்றுவோனிடத்தில் வயிறும் தசையும் ஒரே குருதிக்குப் போட்டியிடுகின்றன. குமட்டலும், விலாப் பிடிப்பும், புளித்த ஏப்பமும் அப்போட்டியின் விளைவுகளே. அந்நிலையில் எதிராளியின் கம்பு வயிற்றில் பட்டால் துன்பம் மேலும் பெரிது. உண்ட வயிற்றோடு களத்தில் இறங்காதே என்று நம் ஆசான்கள் கண்டிப்பதில் நல்ல உடலியல் அடங்கியிருக்கிறது.

முன் உண்டது செரித்ததை அறிந்தபின் உண்ண வேண்டும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. நோய்க்கு மருந்து கூறவந்த இடத்தில் அவர் பெரிதும் பேசுவது உணவின் அளவையும் வேளையையும் பற்றியே.

தசையின் சேமிப்பு

வெறும் வயிறாக வருவதில் என்ன குறை என்று கேட்கலாம். ஜப்பானியச் சுமோ மல்லர்கள் காலையில் உண்ணாமலே பயின்று, பின்பு பெருவிருந்து உண்டு உறங்குவதை எடுத்துக்காட்டலாம். அவர்கள் நோக்கம் உடலைப் பெருக்குவது. அன்றியும் அவர்கள் உறங்கி எழுந்த உடலோடு வருகின்றனர். நம் இளைஞனோ எட்டு மணி நேரம் உழைத்த உடலோடு வருகிறான். இரண்டும் ஒன்றல்ல.

நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. உடனே செலவாகாத பகுதி கிளைக்கோஜன் என்னும் பொருளாகத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும் இது இருக்கும். வேகமான வீச்சுக்கும் பாய்ச்சலுக்கும் தசை முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பின் மீதுதான். மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் குருதியில் குறையாமல் காப்பது கல்லீரலின் சேமிப்பு.

சுவீடன் நாட்டின் யோனாசு பெர்க்சுட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் 1966இல் தங்கள் உடலையே ஆய்வுக் களமாக்கினர். ஒரே மிதிகருவியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தனர். பின்பு மூன்று நாள்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு கால்களின் தசையையும் ஊசியால் எடுத்துச் சோதித்தனர். உழைத்த காலில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன், ஓய்ந்திருந்த காலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது! உழைத்த தசையே உணவை ஆவலோடு வாங்கிச் சேமிக்கிறது என்ற உண்மை அன்று வெளிப்பட்டது. இன்றைய மாலைப் பயிற்சிக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி நேற்றிரவும் இன்று காலையும் நண்பகலும் உண்ட உணவிலிருந்து வருகிறது என்பதே இதனால் நாம் பெறும் பாடம். காலை உணவைத் தள்ளிவிட்டு, நண்பகலில் அரை வயிறு உண்டு, மாலை 6 மணிக்கு ஒரு வாழைப்பழத்தால் எல்லாவற்றையும் ஈடு செய்துவிட முடியாது.

வேளை வகுக்கும் முறை

இனிச் செயலுக்கு வருவோம். பயிற்சிக்கு 1 முதல் 4 மணி நேரத்துக்கு முன் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 4 கிராம் வரை மாவுச்சத்து கொள்ளலாம் என்பது விளையாட்டு உணவியலார் வகுத்துள்ள பொது அளவு. இடைவெளி குறையுமானால் அளவும் குறைய வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

காலை உணவு தவறலாகாது. சந்தைக்கு விடியலில் செல்வோர், பணி சற்று ஓய்ந்த 8 மணியளவிலேனும் கூழோ இட்லியோ உண்ண வேண்டும். நண்பகல் உணவே நாளின் பெரிய உணவாக இருக்கட்டும். கேழ்வரகுக் களிக்கு உரிய வேளை அதுவே. களி மெல்லச் செரிப்பது. நெடுநேரம் பசி தாங்குவது. 100 கிராம் கேழ்வரகில் 7 கிராம் அளவில் புரதமும், 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. கொள்ளு, அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றின் குழம்பும் கீரையும் சேரும்போது அது நிறைவுடைய உணவாகிறது. பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் அதே களியை உண்டால், அதன் நற்குணமே இடையூறாகி வயிற்றில் கல்லாய்க் கிடக்கும். உணவில் குற்றமில்லை, வேளையில்தான் குற்றம்.

மாலை 4.30 முதல் 5.30 மணிக்குள் ஒரு சிற்றுணவு வேண்டும். நாம் இக்கட்டுரையில் வற்புறுத்திக் கூறுவது இதனையே. இரண்டு வாழைப்பழம், அல்லது வெல்லம் கலந்த அவல், அல்லது இரண்டு இட்லி போதுமானது. இரண்டு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 50 கிராம் மாவுச்சத்து உண்டு. நிலக்கடலை நல்ல உணவே எனினும் அதில் கொழுப்பு மிகுதி. ஆதலால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டா. பேருந்து நிலையத்தின் போண்டாவும் பஜ்ஜியும் பரோட்டாவும் எண்ணெயின் காரணமாக இரைப்பையை விட்டு நகர மறுப்பவை. அவற்றைப் பயிற்சி நாளில் தவிர்த்தல் நலம். ஓசூரிலிருந்து திரும்புவோர் ஊர் வந்து உண்ணக் காத்திராமல், பழத்தைப் பையில் வைத்திருந்து வண்டியிலேயே உண்டுவிடலாம். இறங்கிக் களத்துக்கு வரும்போது வயிறு இலகுவாகவும் உடல் தெம்பாகவும் இருக்கும். நண்பகல் 2 மணிக்குப் பணி முடிவோர் 3 மணிக்கு முழு உணவே உண்ணலாம். அவர்களுக்கு இச்சிற்றுணவு தேவைப்படாது.

இனிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பயிற்சிக்கு அரைமணி நேரத்துக்கு முன் சர்க்கரை மிகுந்த பானத்தைப் பருகினால், இன்சுலின் சுரந்து, பயிற்சி தொடங்கியவுடன் சிலருக்குக் குருதிச் சர்க்கரை சற்றுத் தாழ்வதுண்டு. எல்லோருக்கும் இது நேர்வதில்லை. நேர்பவர்கள் தம் உடலின் வழக்கத்தை அறிந்து நடக்க வேண்டும்.

நீரும் தேநீரும்

பசியைக் காட்டிலும் தாகம் முன்னதாகவே ஆளைத் தளர்த்தும். எடையில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தாலே உழைக்கும் திறன் குன்றலாம். 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது 1.2 லிட்டர், கோடையில் கூரைக்கடியில் நாள் முழுதும் நின்று உழைத்துவிட்டு வருபவர் பாதி இழப்போடுதான் களத்தில் நுழைகிறார். பயிற்சிக்கு 2 முதல் 4 மணி நேரத்துக்கு முன் 300 முதல் 600 மில்லிலிட்டர் நீர் பருகுதல் வேண்டும். உப்பிட்ட நீர்மோரும் இளநீரும் நம் மண் தரும் சிறந்த பானங்கள். பயிற்சியின் இடையே சிறுசிறு மிடறாகப் பருகுவதை ஆசான்கள் தடுக்கலாகாது. தண்ணீர் கேட்பது மன உறுதியின் குறைவு ஆகாது.

தேநீர் உணவாகாது. அது களைப்பை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. அதிலுள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால் பயிற்சி முடிந்தபின் பருகும் தேநீர் இரவு உறக்கத்தைக் கெடுக்கும். இன்னொன்றும் உண்டு. உணவோடு பருகும் தேநீர் அவ்வுணவின் இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர்கள். இன்று சிலம்பம் பயில முன்வரும் மாணவியர் பலர். அவர்கள் விரைவில் களைத்துப் போனால் அதனைச் சோம்பல் என்று கருதாமல், குருதிச் சோதனை செய்ய வழிகாட்டுதல் ஆசிரியர் கடமை. கீரையோடும் கேழ்வரகோடும் எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லியோ சேர்ப்பது இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும்.

பயிற்சிக்குப் பின்

இரவு 8 மணிக்குப் பயிற்சி முடிகிறது. களைத்த தசை உணவை ஏற்கக் காத்திருக்கும் வேளை அது. அரைமணி நேரத்துக்குள் புரதம் உண்ணாவிடில் பயிற்சியே வீண் என்று ஒருகாலத்தில் வலியுறுத்தினர். 2013இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, நாள் முழுதும் உண்ணும் புரதத்தின் மொத்த அளவே பெரிதும் பயன் தருவது என்று காட்டியது. எனவே நிமிடக் கணக்குப் பார்த்து ஓட வேண்டியதில்லை; ஒரு மணி நேரத்துக்குள் வீட்டில் அமர்ந்து உண்டால் போதும். உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் வீதம், 60 கிலோ எடையுள்ளவர்க்கு 18 கிராம் புரதம் அவ்வேளைக்குத் தக்கது. இரண்டு முட்டையும் ஒரு குவளைப் பாலும் ஏறத்தாழ அவ்வளவைத் தந்துவிடும். விலை மிகுந்த புரதத் தூள்களை நாடிக் கடன்படுவது தேவையற்றது.

இரவு உணவு அளவாகவும் எண்ணெய் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். உண்டதற்கும் படுப்பதற்கும் இடையே 2 மணி நேரமேனும் இருந்தால் நெஞ்செரிவு தவிர்க்கப்படும். 8.30 மணிக்கு உண்டு 10.30 மணிக்கு உறங்கலாம். நள்ளிரவில் பிரியாணி உண்டு படுப்பவன் மறுநாள் காலையில் பசியின்றி எழுகிறான். பசியின்மையால் காலை உணவை விடுகிறான். அதனால் மாலையில் தளர்கிறான். பிழை சுற்றி வந்து அதே இடத்தில் சேர்வதைக் காணலாம்.

நோன்புக் காலமும் முதியோரும்

ரமளான் மாதத்தில் இவ்வேளைகள் முற்றிலும் மாறுகின்றன. நம் பகுதியில் டிசம்பரின் தொடக்கத்தில் 6 மணிக்குச் சற்று முன்னும், ஜூன் இறுதியில் 6.45 மணியளவிலும் கதிரவன் மறைகிறது. நோன்பு திறப்பதற்கு முன்னுள்ள ஒரு மணி நேரத்தில் காலடி, சுவடு போன்ற மென்பயிற்சிகளை மட்டும் செய்து, பேரீச்சம்பழத்தோடும் நீரோடும் நோன்பு திறந்து, நோன்புக் கஞ்சி அருந்துவது ஒரு முறை. தராவீஹ் தொழுகைக்குப் பின் சிறிது நேரம் பயில்வது மற்றொரு முறை. எதிர்நின்று பொருதும் கடும்பயிற்சியைப் பகல் நோன்போடு செய்தல் தகாது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் ரமளான் நோன்பிருந்தவாறே ஆடி, அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். நோன்பும் உடல்வலிமையும் பகையல்ல என்பதற்கு அது சான்று; ஆனால் ஸஹர் உணவிலும் இரவு நீரிலும் காட்டும் ஒழுங்கு இல்லாமல் அதனைப் பின்பற்ற இயலாது. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் ஒதுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை, களம் புகுவோன் வயிற்றுக்கு மிகப் பொருத்தமானது.

கம்பை விடாத பெரியோர் நம்மிடையே உண்டு. இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ கொள்வோர்க்குப் பயிற்சியின்போதும் அன்றிரவும் சர்க்கரை மிகத் தாழக் கூடும். அவர்கள் மருத்துவரைக் கலந்து மருந்தின் வேளையையும் உணவின் வேளையையும் பொருத்திக் கொள்ள வேண்டும்; இனிப்பை மடியில் வைத்துக் கொள்ளவும் வேண்டும். கைநடுக்கம், குளிர்வியர்வை, கண்மங்கல் ஆகியவை தோன்றின் கம்பை உடனே கீழே வைப்பது கோழைத்தனம் அன்று.

நிறைவாக

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நாடறியும் மேடை கிடைத்துவிட்டது. ஆயின் மேடைக்குரியவர்கள் உருவாவது மாரண்டஹள்ளி போன்ற ஊர்களின் மாலைக் களங்களில்தான். அங்கு வருவோரில் பெரும்பாலோர் உழைத்துக் களைத்த பிள்ளைகள். அவர்களைக் காப்பதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

பெற்றோர்க்கு நாம் வேண்டுவது, காலையில் பிள்ளையின் பையில் இரண்டு பழம் வைத்தனுப்புதல். ஆசான்மார்க்கு வேண்டுவது, கம்பைக் கொடுக்குமுன் "கடைசியாக எப்போது உண்டாய், என்ன உண்டாய்?" என்று கேட்டல். கல்வி நிறுவனங்களுக்கு வேண்டுவது, பயிற்சி முடிந்து வரும் மாணவர்க்காக விடுதி உணவுக்கூடத்தில் அரைமணி நேரம் கூடுதலாக அடுப்பணையாது வைத்தல். மாணவச் செல்வங்களுக்கு வேண்டுவது, உடல் ஒத்துழைக்கவில்லை என்று கலையைக் கைவிடுமுன், ஒரு திங்கள் காலமேனும் உணவு வேளையைத் திருத்திப் பார்த்தல். கம்பின் வீச்சுக்கு அளவும் வேளையும் உண்டு என்பதை ஆசானிடம் கற்கிறோம். அவ்விரண்டையும் உண்ணும் உணவுக்கும் பொருத்தினால், சுவரில் சாத்திய கம்புகள் பல மீண்டும் களம் காணும்.